நாச்சிமுத்து நடந்தால் வாடும் தக்காளி

வாடிய தக்காளிச் செடி தண்ணீர் கேட்கிறது என்று மனிதகுலம் நம்பிவருவது, பூமியைச் சூரியன் சுற்றுகிறது என்று நம்பியதற்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்க பிழை. முன்னதைத் திருத்த ஆட்கள் கிடைத்தார்கள், பின்னதைத் திருத்த யாரும் முன்வராததால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. வாடிய செடி எதையும் கேட்பதில்லை. மண் காய்கிறது என்று வேர் சொல்லியனுப்பியதுமே அது இலைக்கு அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வாய்களை ஒவ்வொன்றாக மூடிக்கொள்கிறது, வெயில் குறைவாகப் படட்டும் என்று இலையைத் தோணிபோலச் சுருட்டுகிறது, காப்பாற்ற முடியாத பூக்களைக் கீழே போடுகிறது, மேலே வளர்வதை விட்டுவிட்டு வேரை இன்னும் ஆழத்துக்கு அனுப்புகிறது, கடைசியில் தலையைத் தொங்கப்போடுகிறது. இது கேட்பவரின் கோலம் அல்ல, இனி இவரிடம் கேட்பதில்லை என்று முடிவெடுத்தவரின் கோலம்.

இதை ஒட்டிப் பிறந்த இரண்டாவது பிழை, தண்ணீர் விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது. காலையில் தண்ணீர் விட்டால் பொழுது சாய்வதற்குள் செடி நிமிர்ந்துவிடும், உண்மைதான்; ஆனால் நிமிர்ந்த செடியெல்லாம் வாய் திறந்த செடி அல்ல. அதற்குப் பல நாள் ஆகும், முற்றிய இலைகள் சில முழுதாகத் திறப்பதே இல்லை, அடுத்த தடவை மண் காய்வதாக ஒரு சந்தேகம் வந்தாலே போன தடவையைவிடச் சீக்கிரமாக மூடிக்கொள்ளும். ஆவாரம்வலசு நாச்சிமுத்து இந்த இரண்டு பிழைகளையும் மனதார நம்பியவர்.

ஆவாரம்வலசு, உடுமலைக்குக் கிழக்கே, மலை நன்றாகத் தெரியும்படியும் அந்த மலையில் பெய்யும் மழை கொஞ்சமும் வந்துசேராதபடியும் அமைந்த ஊர். அங்கே நாச்சிமுத்துவின் தோட்டமும் அவர் தங்கை மயிலாத்தாளின் தோட்டமும் ஒரே வரப்பின் இரண்டு பக்கத்தில் கிடந்தன. பக்கத்துத் தோட்டத்துத் துரைசாமிக்கே அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். துரைசாமி தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவதும் வருவதுமாக இருந்ததால் வெள்ளாமை முழுக்க மயிலாத்தாள் கையில். இரண்டு தோட்டத்துக்கும் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, தண்ணீர் நாள்விட்டு நாள் முறை. மோட்டார் ரூம் சாவி, மூத்தவர் என்பதால், நாச்சிமுத்துவிடம்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலம்தொட்டு, முறை முடிந்தவர் கிணற்றுமேட்டில் நின்று ‘முறை உட்டாச்சு’ என்று கூப்பிட வேண்டும், எடுப்பவர் தன் தோட்டத்திலிருந்து உறவுமுறை சொல்லி ‘எடுத்தாச்சு’ என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வராதவரை தண்ணீர் கைமாறியதாகக் கணக்கில்லை, நடுவில் வாய்க்கால் உடைந்தால்கூடப் பழைய ஆளின் பொறுப்பு. “மயிலா, முறை உட்டாச்சு,” என்பார் நாச்சிமுத்து. “எடுத்தாச்சுங்ணா,” என்று செடிகளுக்கு நடுவிலிருந்து குரல் வரும். அண்ணன் தங்கைக்குள் வேறு பேச்சே இல்லாத நாட்களிலும் இந்தப் பேச்சு மட்டும் தவறியதில்லை.

மழை பொய்த்த ஒரு கோடையில் கிணறு அடியைக் காட்டியது. நாச்சிமுத்துவின் தக்காளி அப்போது காய் பெருக்கிற பருவம், மயிலாத்தாளின் தக்காளி பூ. இருக்கிற தண்ணீர் ஒரு தோட்டத்துக்குத்தான் காணும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது, சாவி ஒருவரிடம்தான் இருந்தது. தங்கையின் முறை நாளில் நாச்சிமுத்து மோட்டார் ரூமுக்குள் போய் மூன்று ஃபியூஸ் கட்டைகளில் ஒன்றைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற காரியம்.

மயிலாத்தாள் வந்து பார்த்தபோது ஸ்டார்ட்டருக்கு மேல் ஃபேஸுக்கு ஒன்றாக இருந்த மூன்று விளக்குகளில் இரண்டுதான் எரிந்தன; மூன்று ஃபேஸும் வந்தால்தான் மோட்டார் ஓடும்.

“ரெண்டு ஃபேஸ்தான் வருது, கண்ணு,” என்றார் நாச்சிமுத்து.

“நாளைக்கு வருமாங்ணா?”

“தெரியல. லைன்மேனைக் கேட்டுச் சொல்றேன்.”

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஊருக்குள் மாவுமில் ஓடிக்கொண்டிருந்தது. அதே லைனில் இருக்கிற மில், மூன்று ஃபேஸும் வந்தால் மட்டுமே ஓடுகிற மில். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் அரைபடுவது மிளகாய் என்பதுகூடத் தெரிந்தது. மயிலாத்தாள் ஒரு தும்மல் தும்மினாள், மில் இருக்கும் திசையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், போய்விட்டாள். ஃபேஸைப் பற்றிப் பொய் சொல்ல நினைப்பவர் முதலில் மில்லுக்கு விடுமுறை நாள் எது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. நாச்சிமுத்துவுக்குப் பொய் பழக்கமில்லாததால் அது தோன்றவில்லை. பூ உதிர்ந்து முடிகிறவரைக்கும் அவள் முறை வந்தபோதெல்லாம் ரெண்டு ஃபேஸ்தான் வந்தது.

வரப்பில் நின்று அந்தச் செடிகள் சுருண்டதைப் பார்க்கும்போதெல்லாம் தக்காளி தாங்கும் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார், தாங்கவும் செய்தது. பிறகு மழை வந்தது, கிணறு ஏறியது, ஃபியூஸ் கட்டை இருந்த இடத்துக்குப் போனது, மயிலாத்தாளின் செடிகள் நிமிர்ந்து மறுபூ எடுத்துக் காய்த்தன. “பாரு, செடியெல்லாம் எந்திரிச்சிருச்சு,” என்று மனைவி சாந்தாமணியிடம் சொன்னார். சாந்தாமணி, அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல், “செடி எந்திரிச்சிருச்சுங்க,” என்றாள், செடி என்பதைக் கொஞ்சம் அழுத்தி.

அன்று அவர் கிணற்றுமேட்டில் நின்று “மயிலா, முறை உட்டாச்சு” என்று கூப்பிட்டபோது குரல் வரவில்லை. பதிலுக்கு அவள் மண் வெட்டும் மம்முட்டியால் தண்ணீர்க் குழாயில் ஒரு தட்டுத் தட்டினாள், டங் என்று. அடுத்த முறைக்கும் டங். அதற்கடுத்த முறைக்கும். வழக்கப்படி பார்த்தால் அதன்பிறகு ஓடிய தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கைமாறவில்லை, எல்லாம் நாச்சிமுத்துவின் பொறுப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில், முந்தின நாள் பெய்த மழையில் மண் சேறாகக் கிடக்க, அவர் தங்கையின் தோட்டத்து வரப்பில் நடந்தார். பந்தியில் இலை போட்டதும் உட்கார்ந்தவர்கள் வரிசையாகக் குனிவார்களே, அப்படி, அவர் நடக்க நடக்கச் செடிகள் சாலுக்குச் சால் தலையைத் தொங்கப்போட்டன. நின்றார், எதிரிலிருந்த செடிகள் இலையைத் தோணிபோலச் சுருட்டிக்கொண்டன. பின்னால் போனார், நிமிர்ந்தன. முன்னால் வந்தார், வாடின. தன்னை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பழம் பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் மூத்தவளான கிட்டம்மாள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. இலை தொங்கினால் உள்ளே மறைந்திருக்கும் பழமெல்லாம் வெளியே தெரிகிறது என்பதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

“ஏனுங்ணா, அப்படியே செத்த நேரம் நில்லுங். இந்தச் சால் முடிஞ்சுரும்.”

அவர் நின்றார். நகர்ந்தால் ஏன் நகர்ந்தீர்கள் என்று கேட்பார்களோ என்று பயந்து நின்றார்.

“நிழலுக்குப் போகாதீங்ணா. அங்க போனீங்கன்னா எந்திரிச்சுக்குது.”

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் இப்படித்தான். அவர் வேட்டியில் பூச்சிமருந்து வாசனை இருக்கும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டு அவர் சோப்பை மாற்றினார், சீயக்காய் தேய்த்துக் குளித்தார், மகளைக் கட்டிய மருமகனின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போனார், குடை பிடித்துப் போனார், மொபெட்டில் வேகமாகப் போனார். மொபெட்டில் போனபோது செடிகளும் வேகமாகக் குனிந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். விவசாய ஆபீஸர் ஒருவர் வந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, ஈரம் இருக்கிறது என்றார், செடியைப் பார்த்து, ஈரம் இல்லை என்றார், இரண்டும் சரியாக இருந்ததால் இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் போகம் முடிந்து புது நாற்று நட்டபோது, அந்த நாற்றுகளும் நாச்சிமுத்துவைக் கண்டு வாடின. ஒரு செடியின் ஞாபகம் வேறொரு செடிக்குப் போகாது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அவர்கள் யாரும் ஆவாரம்வலசுக்கு வந்து தங்கியதில்லை.

ஏன் வாடுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள் கேட்பார்கள் என்று நாச்சிமுத்து ஒவ்வொரு நாளும் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போனார், கேட்காததால் அந்தப் பதில் வாயிலேயே கிடந்து புளித்தது. பிறகு ஒருநாள் முடிவெட்டிக்கொள்ளக் குனிந்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மாவுமில் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அந்த ஊரில் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேட்காததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஊரில் மிளகாய் அரைக்கப் போனவர்கள், மிளகாய் நெடியில் தும்மியவர்கள், தும்மலைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் மூன்று ஃபேஸும் வந்திருந்தது. கழுத்துமுடியை மழிக்கிறவரைக்கும் அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, மழித்து முடித்த பிறகும் சற்று நேரம் அப்படியே இருந்தார்.

ஊர் அவரை ஒதுக்கியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஊர் அவரைப் பயன்படுத்திக்கொண்டது. தண்ணீருக்குக் கொஞ்சம் தவித்த செடியின் பழம் தித்திப்பு ஏறும், தோல் கெட்டிப்படும், எவ்வளவு தூரத்துக்குப் போனாலும் பெட்டியில் நசுங்காது. மயிலாத்தாளின் பழத்தைச் சந்தையில் தேடி வாங்கினார்கள். நாச்சிமுத்துவின் சொந்தத் தோட்டத்துச் செடிகளோ அவரைக் கண்டு ஒருநாளும் தலை குனிந்ததில்லை, வெட்கமில்லாமல் நிமிர்ந்து நின்று பெரிது பெரிதாக, புளிப்பாக, தொட்டால் வெடிக்கிற பழமாகக் காய்த்தன. அதனால் மற்ற தோட்டத்துக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

முதலில் வந்தவர் நாற்றுப்பண்ணை லோகநாதன். நாற்றை நடுகிற காட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் சில நாள் தண்ணீரைக் குறைத்துக் கெட்டிப்படுத்துவது பண்ணை வழக்கம். அளவு தப்பினால் நாற்று செத்துவிடும்.

“நீங்க டிரேக்கு நடுவுல காலையில ஒரு நடை, பொழுதோட ஒரு நடை நடந்து குடுத்தாப் போதுமுங்க. அளவாத்தான் வாடுது, பார்த்தேன். எவ்வளவு பக்குவமுங்க உங்குளுக்கு.”

பக்குவம் என்று சொன்னது நாச்சிமுத்துவின் முதுகில் ஊசியாக இறங்கியது. மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமலிருக்க வேண்டுமானால் நடக்க வேண்டும். அவர் நடந்தார். நிழல்வலைக்குக் கீழே லட்சம் குழந்தைத் தலைகள் அவரைக் கண்டு குனிந்தன, கண்ணைத் தரையில் வைத்தபடி அவர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தார், வெளியே வந்ததும் லோகநாதன் டீயும் போண்டாவும் கொடுத்தார். நாளடைவில் பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிட்டார்கள், போர்டு வைத்த ஜீப்பில் கூட்டிப்போனார்கள், ஓரிடத்தில் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் பின்வாசல் வழியாக வந்தார்.

“ஊருக்கெல்லாம் போயி நின்னுட்டு வர்றீங்க,” என்றாள் சாந்தாமணி. “மயிலாகிட்டப் போயி ஒருநாள் நின்னீங்களா?”

“அங்க போனாச் செடி வாடுதே.”

“நான் செடிகிட்ட நிக்கச் சொல்லல.”

 சாந்தாமணி சால்வையை வாங்கி, கறுப்பு உளுந்து காயப்போட விரித்தாள்.

மறுபடியும் ஒரு கோடை வந்தது, மறுபடியும் கிணறு அடியைக் காட்டியது. இந்தத் தடவை மயிலாத்தாளின் செடிகளில் பழம் சிவக்க ஆரம்பித்திருந்தது, நாச்சிமுத்துவின் செடிகள் பூ. ஒரு காலை அவர் மோட்டார் ரூமுக்குப் போனார், பழைய ஞாபகத்தில் கை தானாக ஃபியூஸ் கட்டையின்மேல் போய் நின்றது. அந்தக் கையை அவர் பார்த்தார். வேறு யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆசைப்பட்டார், ஆனால் அது அவருடைய கைதான், கட்டைவிரல் நகத்தில் பழைய நசுங்கல் இருந்தது. ரூமைப் பூட்டினார், சாவியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி, இரண்டு வருஷமாக வரப்பைத் தாண்டிக் கால் வைக்காத தங்கையின் தோட்டத்துக்குள் நடுச் சாலில் நடந்தார். இரண்டு பக்கமும் செடிகள் குனிந்துகொண்டே வந்தன, அவை குனியக் குனிய அந்தக் கோடியில் களை எடுத்துக்கொண்டிருந்த மயிலாத்தாள் தலையிலிருந்து இடுப்புவரை, இடுப்பிலிருந்து முழங்கால்வரை தெரிய ஆரம்பித்தாள், மறைந்துகொள்ள இருவருக்கும் ஒரு இலையும் மிச்சமில்லாமல் போயிற்று.

வழியெல்லாம் ஒரு பேச்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதில் பிள்ளைகள் இருந்தார்கள், செலவு இருந்தது, அப்பா காலத்துக் கதை ஒன்று இருந்தது. அவள் முன்னால் வந்து நின்றபோது அதெல்லாம் உதிர்ந்துவிட்டது.

“சாவி இனி உங்கிட்டயே இருக்கட்டும், கண்ணு,” என்றார்.

வரப்புக்கல்லின்மேல் வைத்தார். மயிலாத்தாள் மண்ணுக் கையைச் சேலையில் துடைத்தாள், சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள், குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினாள். அவர் வந்த வழியே திரும்பினார். 

அவருடைய முறை நாள் வந்தது. காலையில் மோட்டார் ரூம் வாசலுக்குப் போனார். மயிலாத்தாள் படியில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று விளக்குகளில் இரண்டு எரிந்தன. ஊருக்குள் மாவுமில் ஓடிக்கொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் அடித்தது, அரைபட்டது மிளகாய். நாச்சிமுத்துவுக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார்.

மயிலாத்தாள் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு ஃபேஸ்தான் வருதுங்ணா,” என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தைகள் அவை, அவற்றின் கடைசியில் ‘அண்ணா’ இருந்தது. அவர் மில் இருக்கும் திசையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். காது சுட்டது. இப்படித்தான் இருந்திருக்கிறது, பொய் என்று தெரிந்த ஒன்றைச் சொல்கிறவர் வாயிலிருந்தே கேட்டுக்கொண்டு, அதைப் பொய் என்று சொல்லாமல் நிற்பது. இந்த இடத்தில்தான் அவள் நின்றிருக்கிறாள், இதே மிளகாய் நெடியில்.

“நாளைக்கு வருமா, கண்ணு?”

“தெரியலீங்ணா. லைன்மேனைக் கேட்டுச் சொல்றேன்.”

“சரி,” என்றார். அப்போது அந்தத் தும்மல் அவரை மீறி வந்துவிட்டது, ஒன்றல்ல, அடுக்கடுக்காக. மயிலாத்தாள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவருடைய பூ உதிர்ந்து முடிகிறவரைக்கும் அவர் முறை வந்தபோதெல்லாம் ரெண்டு ஃபேஸ்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் போய்க் கேட்டார், அவள் சொன்னாள், அவர் சரி என்றார். அவர் தோட்டம் முதல்தடவையாகத் தலை குனிந்தது. வெட்கமில்லாமல் நின்ற செடிகள் இலையைச் சுருட்டின, பூவைப் போட்டன, கண்ணுக்குத் தெரியாமல் வேரை ஆழத்துக்கு அனுப்பின. டீக்கடையில் ஒருவர், “ஏனுங்க, லைன்ல ஏதோ கோளாறாமே,” என்று கேட்டார். “ஆமாங்க,” என்றார் நாச்சிமுத்து. மில்காரர் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பூவும் விழுந்த மறுநாள், அவர் தன் வரப்பில் உட்கார்ந்திருக்கையில், கிணற்றுமேட்டிலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, முறை உட்டாச்சுங்.”

பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பக்கத்தில் மம்முட்டி கிடந்தது, எட்டினால் குழாய் இருந்தது, ஒரு தட்டுத் தட்டினால் போதும். கை அதை நோக்கிப் போகவில்லை. கிணற்றுமேட்டில் மயிலாத்தாள் இடுப்பில் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை, திரும்பக் கூப்பிடவும் இல்லை.

“எடுத்தாச்சு, மயிலா,” என்றார் கடைசியில். குரல் பாதி வழியில் உடைந்தது, மீதி வந்துசேர்ந்தது. மோட்டார் ஓடியது.

பொழுதோடு, தண்ணீர் கட்டி முடித்துவிட்டு, தங்கையின் தோட்டத்து வரப்பு வழியாக வீட்டுக்குப் போனார். தலையைக் குனிந்தபடியேதான் நடந்தார், பழக்கம். பாதி தூரம் போன பிறகுதான், பக்கத்தில் எதுவும் தன்னோடு குனியவில்லை என்பதைக் கவனித்தார். புதுத் தளிரெல்லாம் நேராக நின்றது. அடியிலிருந்த முற்றிய இலைகள் மட்டும் கொஞ்சம் சுருண்டன, அவையும் அவர் கடந்துபோவதற்குள் விரிந்துகொண்டன.

மறுநாள் லோகநாதனின் பண்ணையில் அவர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தார், ஒரு நாற்றும் தலை குனியவில்லை. லோகநாதன் இன்னொரு நடை நடக்கச் சொன்னார், பிறகு மெதுவாக ஒரு நடை, பிறகு டிரே ஓரமாக உட்காரச் சொன்னார். அன்றைக்கு டீ மட்டும் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து பண்ணையில் பழையபடி தண்ணீரைக் குறைத்தே நாற்றைக் கெட்டிப்படுத்தினார்கள், அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது.

வாடாமல் நின்ற மயிலாத்தாளின் செடிகளில் அந்தப் போகத்துத் தக்காளி புளிப்பாக இருந்தது. உடுமலையில் பல வீடுகளில் ரசத்துக்குப் புளியைக் குறைத்துக் கரைத்தார்கள்.